அதிரசம் வந்த பெட்டி

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் எலவனாசூர்கோட்டையில் காரில் பொங்கல் சீரை ஏற்றினோம். சாவியைத் திருகுவதற்குள் பக்கம் தீர்ந்துவிட்டது. வாசகர்கள் கவலைப்பட வேண்டாம். கார் கிளம்பிவிட்டது. கள்ளக்குறிச்சியையும் கச்சிராயபாளையத்தையும் தாண்டி, கல்வராயன் மலைப்பாதையில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறது.

ஓட்டுகிறவள் செந்தமிழ்ச்செல்வி. பெங்களூர் ஆய்வகத்தில் மூலக்கூறு உயிரியல் விஞ்ஞானி. ஊருக்கு வந்தால் வெறும் செல்வி.

பக்கத்தில் அப்பா நாராயணசாமி. கரும்புக்காட்டில் கட்டுவிரியனை வாலில் பிடித்துச் சுழற்றி அடுத்த தாலுகாவில் எறிந்தவர். ஆனால் மலைக்கு மேலே கரியாலூரில் இருக்கிற தங்கை அமிர்தத்தை நினைத்தால் மட்டும் அவருடைய முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று ரகசியம் பேசும்.

காரணம் பழசு. அமிர்தத்தின் மகன் தீனதயாளனுக்குத்தான் செல்வி என்று, இரண்டு பேரும் தவழ்கிற காலத்திலேயே பேச்சு. செல்வி மேல்படிப்பு என்று கிளம்பியவள் திரும்பிப் பார்க்கவில்லை. தீனாவுக்கு வேறு பெண் பார்த்துக் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் என்ற முறையில் முதல் வரிசையில் சீரோடு நிற்க வேண்டிய நாராயணசாமி, தங்கையின் வாய்க்குப் பயந்து அன்றைக்குக் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சினார். அந்தக் கரும்பு வெட்டி, அடிக்கட்டையில் துளிர்த்த கட்டைக்கரும்பு வெட்டி, அதையும் வெட்டி, தீனாவின் மகள் பாரதி பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்கே போய்விட்டாள். அண்ணன் தங்கை பேச்சு மட்டும் முளைக்கவில்லை.

"ப்பா, பின்னாடி இருக்கற எங்க லேப் வெள்ளப் பெட்டிய யாராச்சும் தொறந்தீங்களா? மூடி தூக்கிக்கினு இருக்கற மாதிரி தெரியுது."

"பெட்டி இன்னா பெட்டி. நீ ரோட்டப் பாரு பாப்பா. வளைவு வருது."

வளைவு வந்தது. அதற்குப் பின்னால் அதன் அண்ணன் தம்பி எல்லாம் வந்தன.

"அமிர்தம் குடுக்க மாட்டா," என்றார் நாராயணசாமி. "எனக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுப்பாளாங்கறதே சந்தேகம். நீ ரத்தம் கேக்கப் போற."

"கேட்டுப் பாக்கலாம்ப்பா."

"அதுவும் இது பொம்பளைங்க சமாச்சாரம். நான் எதுக்கு நடுவுல?"

செல்வி கியரை மாற்றினாள். "பெரியத்தைக்கு மார்புல கட்டி வந்துச்சு, போய்ட்டாங்க. அமிர்தம் அத்தைக்கு வந்துச்சு, பொழச்சிட்டாங்க. ரெண்டு பேரும் உங்க கூடப் பொறந்தவங்க. அது ஆம்பளைங்க வழியாவும் எறங்கும்ப்பா. உங்களுக்கு எதுவும் செய்யாம, உங்கள்ட்டேர்ந்து..."

அப்பாவுக்கு ஒரே பிள்ளை அவள்தான். நாராயணசாமி ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரு குரங்கைக் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி மரியாதையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். செல்வி தன் வாலிபம் முழுவதையும் ஒரே வகைப் புரதத்துக்குக் கொடுத்தவள். அதை ஒரு குழாயில் சுத்தமாகப் பிரித்தெடுக்கவே நாலு வருஷம் ஆயிற்று. அந்த நாலு வருஷத்தில் கள்ளக்குறிச்சியில் இரண்டு மேம்பாலம் கட்டியிருக்கலாம். முதல் கட்டுரை மூன்று இடத்திலிருந்து திரும்பி வந்தது. நாலாவது பத்திரிகையில் அச்சேறியது. பிறகு மார்பகப் புற்றுநோய் குடும்பங்களின் மரபணுக்கள் பக்கம் திரும்பினாள். ஊர் ஊராக யார் யார் குடும்பத்து ரத்தத்தையெல்லாமோ வாங்கி, கோணல் மரபணு எது, நேர் எது என்று பார்த்தாள். தன்னுடையதை மட்டும் பார்க்கவில்லை. கேட்டவர்களிடம் நேரமில்லை என்றாள்.

கரியாலூரில் காணும் பொங்கல் கூட்டம். படகுத்துறைப் பக்கம் சேலம், விழுப்புரம் வண்டிகள் எல்லாம் ஒன்றன் மடியில் ஒன்று உட்கார்ந்திருந்தன. அமிர்தம் மெஸ்ஸில் இலை போட இடமில்லை. சாமைப் பொங்கல் ஆவி பறந்து மலைக்கு இன்னொரு மேகம் ஆனது.

அமிர்தம் சாம்பார் வாளியோடு நின்றாள். அண்ணனைப் பார்த்தாள். உடனே வாளியைப் பார்த்துப் பேசினாள்.

"சுபா! எலவனாசூர் ஆளுங்க வந்துக்கிறாங்க. வழி தெரிஞ்சு வந்தாங்களா, வழி தவறி வந்தாங்களான்னு கேளு."

மருமகள் சுபஸ்ரீ சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "வாங்க பெரியவரே. வாங்க அண்ணி. உள்ள வாங்க."

கடைக்குப் பின்னால்தான் வீடு. தீனதயாளன் கட்டிலைத் தட்டிப் போட்டான். மலை ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். ஊசி குத்துவதில் அவனுக்குப் பக்கத்து மூன்று மலையில் ஜோடி கிடையாது. தூங்குகிற குழந்தையின் கையில் ரத்தம் எடுத்தால் குழந்தை புரண்டுகூடப் படுக்காது என்பார்கள்.

"வா செல்வி. மாமா, உக்காருங்க. நின்னா அம்மாவுக்கு ஜாஸ்தி கோவம் வரும்."

"உக்காந்தா?"

"உக்காந்தாலும் வரும். ஆனா உங்களுக்குக் கால் வலிக்காது."

சீர்த் தட்டுகள் வரிசையாக இறங்கின. கரும்பு, மஞ்சள் கொத்து, பூசணிக்காய், வெல்லம், அரக்கு நிறத்தில் ஒரு புடவை. அமிர்தம் வாசற்படியில் நின்று எதையும் தொடாமல் பார்த்தாள்.

செல்வி சுற்றி வளைக்கவில்லை. "அத்தை, உங்க ரத்தம் கொஞ்சம் வேணும். ஆராய்ச்சிக்கு. உங்களுக்கும் பெரியத்தைக்கும் வந்தது ஏன்னு பாக்கணும்."

"பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில எனக்கு ஊசி குத்தாத எடம் இல்ல," என்றாள் அமிர்தம். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தலமுடி கொத்துக் கொத்தாப் போச்சு. கூடப் பொறந்த பொறப்பு ஒண்ணு வந்து எட்டிப் பாக்கல. இப்ப ரத்தம் வேணும்னா மட்டும் மலைக்கு வழி தெரியுது."

"ஆர்லிக்ஸ் குடுத்து அனுப்பினேனே," என்றார் நாராயணசாமி, பூசணிக்காயிடம்.

"அத மாட்டுக்குக் கரைச்சு ஊத்திட்டேன். மாடு நல்லாத்தான் கறந்துது."

அமிர்தம் கடைப்பக்கம் திரும்பினாள்.

"அத்தை, ஒரு நிமிசம். எவ்ளோ கம்மியா எடுப்போம்னு குழாயக் காட்டறேன், அதப் பாத்துட்டுப் போங்க." செல்வி அவசரமாக வெள்ளைப் பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே குழாய் இல்லை. குளிரோ சூடோ ஏறாமல் காக்கிற ஜெல் பொட்டலங்கள் இல்லை. பெட்டி நிறைய, கழுத்துவரை, அதிரசம்.

பெங்களூரில் அந்தப் பெட்டியைத் தொட வேண்டுமானால் கையுறை போட வேண்டும். வாசலில் பெருமாள் கோயில் மாதிரி செருப்பைக் கழற்ற வேண்டும். இப்போது அதிலிருந்து ஏலக்காய் வாசனை கிளம்பி வீட்டைச் சுற்றி வந்தது.

"ப்பா!"

"பின்ன?" நாராயணசாமி எழுந்தே விட்டார். "தங்கச்சி வூட்டுக்கு வெறும் பெட்டிய எடுத்துக்கினு வருவாங்களா? நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

"உள்ள தண்ணிப் பொட்டலம் மாதிரி இருந்துதே?"

"கோழிக் கூண்டு மேல வச்சிருக்கேன். பத்திரமாத்தான் இருக்கும்."

"குழாய்ங்க?"

"மஞ்சக் கொத்துக்குள்ள சுருட்டி வச்சிருக்கேன். கவரப் பிரிக்கல பாப்பா. எனக்கென்ன அறிவு இல்லயா?"

செல்வி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். தீனா மஞ்சள் கொத்தைப் பிரித்துப் பார்த்தான். உறை கிழியாமல், குழாய்கள் புது மாப்பிள்ளை மாதிரி மஞ்சள் வாசத்தோடு இருந்தன. அவன் தோள் குலுங்கியது. சுபஸ்ரீ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அமிர்தம் சிரிக்கவில்லை. வந்து, ஓர் அதிரசத்தை எடுத்துக் கடித்தாள். ஒரு பக்கப் பல் தோற்றது. மறுபக்கம் மாற்றினாள்.

"யாரு சுட்டது?"

மனைவி மலர்விழி போய்ச் சேர்ந்த பிறகு நாராயணசாமி வீட்டு அடுப்படி அவர் ராஜ்யம். "நான்தான்," என்றார்.

அமிர்தம் அண்ணனை நேராகப் பார்த்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவரைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"பாகு முத்திப் போச்சுணா. இத வச்சு வூடு கட்டலாம்."

"அடுத்த வாட்டி எளம்பாகா எறக்கறேன்மா," என்றார் அண்ணன்.

அவள் இரண்டாவது அதிரசத்தையும் எடுத்துக்கொண்டாள். மீதியைத் தாம்பாளத்தில் கொட்டினாள். பெட்டியைத் துடைத்தாள். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

பிறந்த வீட்டிலிருந்து நிறைந்து வந்த ஏனம் காலியாகத் திரும்பக் கூடாது. ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். கோபத்தில் இருக்கிறவளுக்கும் அதே சட்டம்தான். அமிர்தம் சாமை மூட்டைப் பக்கம் கை நீட்டினாள்.

"அத்தை, அதுல அரிசி போட்டீங்கன்னா..." செல்வி தடுத்தாள்.

அமிர்தம் கையை எடுத்தாள். பெட்டியோடு கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள். வெளியே யாரோ சாம்பார் கேட்டார்கள். "சுபா, நீ போ. செல்வி, நீ சொல்லு. எனக்குப் புரியறாப்புல சொல்லு. புரியலன்னா அரிசிதான்."

பட்டம் வாங்கிய சபைகளில் எல்லாம் நடுங்காத செல்வி, இப்போது வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தாள்.

"நம்ம ஒடம்புல எல்லா வேலையும் புரதம்தான் செய்யுது அத்தை. அது நூல் மாதிரி நீளமாப் பொறக்கும். சரியா மடிஞ்சாத்தான் வேல செய்யும். தப்பா மடிஞ்சா கெட்டுப் போயிடும். பொண்ணுக்குப் பட்டுப்பொடவ கட்டறப்ப ஒருத்தி கீழ உக்காந்து கொசுவத்த நீவி விடுவா இல்ல? அந்த மாதிரி, மடியறதுக்குக் கூட நின்னு ஒதவற புரதம் ஒண்ணு இருக்கு. நான் தோழின்னு கூப்புடுவேன். அதத்தான் இத்தன வருசமாப் படிக்கறேன்."

"சரி."

"நம்ம குடும்பத்துல ஒரு மரபணுவுல கோணல் இருக்கலாம்னு நெனைக்கறேன். அதுலேர்ந்து பொறக்கற புரதம் சரியா நிக்காது. ஆனா தோழி அதத் தாங்கிப் புடிக்கும். பெரியத்தைக்குச் சீக்கிரம் வந்துது. உங்களுக்கு ரொம்ப லேட்டா வந்துது. ஒரே கோணல்னா ஏன் இந்த வித்தியாசம்? உங்க தோழி ஜாஸ்தி நாள் தாங்கியிருக்கலாம். உயிரோட இருக்கற செல்லா எடுத்துப் போயி, லேசா சூடு ஏத்திப் பாத்தாத் தெரியும். சூட்டுல அதுக்கு வேல கூடும். அப்பவும் தாங்குதா, விட்டுடுதான்னு."

"நாள் பூரா அடுப்படியில நிக்கறவளுக்கு சூட்டுல பரீட்சையா?" அமிர்தம் யோசித்தாள். "கட்டி வந்தப்பறம் இந்தத் தோழி இன்னா பண்ணினா?"

"கட்டியையும் தாங்கினா அத்தை. புத்துநோய் செல்லுல எல்லாமே கோணல்தான். தோழி இல்லன்னா அதுவே சரிஞ்சிடும். அவளுக்கு நல்லது கெட்டது தெரியாது. யாரு விழுந்தாலும் தூக்குவா."

"என்ன மாதிரியே லூசாட்டம் இருக்காளே," என்றாள் அமிர்தம். கையிலிருந்த பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். "சரி. வெறும் பெட்டியா அனுப்பக் கூடாது. தீனா, கையக் கழுவிக்கினு வா."

தீனா ஒப்புதல் படிவத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினான். எந்த நேரத்திலும் வேண்டாம் என்று சொல்லி விலகிக்கொள்ளலாம், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள் என்ற இடம் வந்ததும் அமிர்தம் நிறுத்தினாள்.

"இது நல்லா இருக்கே! என் கல்யாணத்துல இப்படி ஒரு காயிதம் எவனும் படிக்கல."

மகன் அடுத்ததைக் கேட்டான். "முடிவு வந்தா உனக்குச் சொல்லணுமா, வேணாமா?"

"சொல்லணும். எனக்குத் தெரிஞ்சாத்தான உன் பொண்ணு பெரியவளானா அவளுக்குச் சொல்ல முடியும்? நான் ஒண்ணும் கோழ இல்ல."

ரத்தம் எடுத்தாயிற்று. அமிர்தம் பஞ்சை அழுத்திக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். "ம். அடுத்தது யாரு?"

கட்டுவிரியனைச் சுழற்றிய வீரர் கொல்லைக் கதவுக்கு அருகில் இருந்தார். எப்போது அங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. "எனக்கு சக்கரை இருக்குது," என்றார். "பொங்கல் வேற சாப்ட்டேன்."

"அதெல்லாம் பரவாயில்ல மாமா."

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

"மாடு எலவனாசூர்ல இருக்குது மாமா."

நாராயணசாமி நாலு பக்கமும் பார்த்தார். தப்பிக்க ஒரே வழி தெரிந்தது. "பாப்பா குடுத்தா நானும் குடுக்கறேன்," என்றார் கம்பீரமாக. "இத்தன பேருக்கு ஊசி குத்தினவ, அவ குத்திக்கினாளான்னு கேளுங்க."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது செல்வியின் முகத்தில் ரத்தமே இல்லை.

அமிர்தத்துக்குப் புரிந்துவிட்டது. "நீ பாத்துக்கலயா?"

"நேரமில்ல அத்தை."

"நேரமில்லயா, தைரியமில்லயா?"

செல்வி காலிக் குழாய் ஒன்றைக் கையில் உருட்டினாள். "தெரிஞ்சா அப்பறம் தெரியாம இருக்க முடியாது அத்தை."

கொல்லைக் கதவருகே நின்றவர் கதவை விட்டுவிட்டார். பெண் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார். "குத்துடா தீனா. மொதல்ல எனக்கு. எங்கிட்டேர்ந்துதான போயிருக்கும்? நான் முன்ன நிக்கறேன். உன் கல்யாணத்துலதான் நிக்கல."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஊசி தொடுவதற்கு முன்னால் அவர் போட்ட சத்தத்தில் படகுத்துறையில் ஒரு படகு தானாகவே கரைக்குத் திரும்பியது.

"இன்னும் குத்தல மாமா."

"தெரியும். பழகிக்கறேன்."

அவருக்கு ஆன பிறகு, செல்வி தானாகவே வந்து உட்கார்ந்தாள். தீனா ரப்பர் பட்டையைக் கட்டினான். "கைய இறுக்கிப் புடி. நீ அன்னைக்கு வேணாம்னு சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு. இல்லன்னா நான் இந்நேரம் பெங்களூர்ல உன் கண்ணாடிக் குடுவையக் கழுவிக்கினு இருப்பேன்."

கடைப்பக்கத்திலிருந்து சுபஸ்ரீயின் குரல் வந்தது. "இங்க மட்டும் இன்னாவாம்? அண்டாதான கழுவிக்கினு இருக்கீங்க."

செல்வி சிரித்துக்கொண்டிருந்தபோதே குழாய் நிறைந்துவிட்டது. வலி தெரியவில்லை. தீனா கேட்க வேண்டியதைக் கேட்டான். "முடிவு வந்தா உனக்குச் சொல்லணுமா, வேணாமா?"

அந்தக் கேள்வியை எழுதியதே அவள்தான். எத்தனையோ பேர் அதற்குப் பதில் சொல்லக் கேட்டிருக்கிறாள். "அப்பறம் சொல்றேன் மாமா," என்றாள் தீனாவிடம்.

ஜெல் பொட்டலம் கோழிக் கூண்டின் மேல் இருக்கிறது. மார்கழி போயும் மலைக் குளிர் போகவில்லை. குளிர் பட்டால் செல் செத்துவிடும். செல்வி கையைப் பிசைந்தபோது அமிர்தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது அரக்குப் புடவை கட்டியிருந்தாள். கழற்றிய நூல் சேலையை மடித்துப் பெட்டிக்குள் திணித்து, குழாய்களை நடுவில் படுக்க வைத்தாள்.

நாராயணசாமி அந்தப் புடவையைப் பார்த்தார். ஏதாவது சொன்னால் அழுதுவிடுவோம் என்று, "ஊசி எடம் வீங்குது," என்றார்.

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அமிர்தம் மருமகளாக வராதவளிடம் குனிந்தாள். "தோ பாரு. என் முடிவ ஒத்தையா எடுத்துக்கினு வராத. உன்னுதும் என்னுதும் ஒண்ணா வந்தாத்தான் நான் கேப்பேன். இல்லன்னா கதவத் தெறக்க மாட்டேன். நல்லதா இருந்தாலும் தெறக்க மாட்டேன்."

சின்னசேலம் ஸ்டேஷனில் சாயங்கால வெயில். சேலம் போய், அங்கே பெங்களூர் வண்டி மாற வேண்டும். நாராயணசாமி பஞ்சு ஒட்டிய கையைப் போரில் வெட்டுப்பட்ட கை மாதிரி தூக்கிப் பிடித்தபடி பிளாட்பாரத்தில் நின்றார். முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு அதற்குள் கதை சொல்லிவிட்டார். கதையில் ஊசி கடப்பாரை நீளம் இருந்தது.

வண்டி நகர்ந்தது. அப்பா கண்ணுக்கு மறையும் வரை செல்வி பார்த்தாள். மடியில் பெட்டி. மூடியிடுக்கில் ஏலக்காயும் அத்தையின் அடுப்புப் புகையும் கலந்த வாசனை.

போனை எடுத்தாள். சொந்தக்காரர்களின் படிவம் அவள் கையில் இருக்கக் கூடாது என்பது விதி. எல்லாம் தீனாவிடம்தான் இருந்தன. அவன்தான் நாளைக்கு ஆய்வகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும்.

"மாமா, என் படிவத்துல அந்தக் கடைசிக் கேள்வி, முடிவு சொல்லணுமாங்கறது..."

"ம். பென்சில்ல ஒரு டிக் போட்டு வச்சிருக்கேன்."

"எந்தக் கட்டத்துல?"

"நீ சொல்லப்போறதுல. தப்புன்னா ரப்பர் இருக்குது. பாரதிகிட்ட வாங்கி வச்சிருக்கேன்."

பின்னால் கடையில் பாத்திரம் உருளும் சத்தம். "அவ இன்னா சொல்றாடா?" என்று அத்தையின் குரல். அந்தக் குரலுக்குப் போன் தேவையே இல்லை, கரியாலூரிலிருந்து நேராகவே ரயிலுக்குள் வந்திருக்கும்.

செல்வி பெட்டியின் மேல் கையை வைத்தாள். உள்ளே நூல் சேலைக்கு நடுவில் மூன்று பேரும் அடுத்தடுத்துப் படுத்திருந்தார்கள். சேலத்து மலைகள் ஜன்னலில் எழத் தொடங்கின.

"பேனாவுல போட்டுடுங்க மாமா," என்றாள்.